நூற்றிருபது டாலரும் ஒரு ரீலும்

"கோலுக்கு ஐம்பது, ரீலுக்கு ஐம்பது, நரம்புக்குப் பத்து. மிச்சமிருக்கிற பத்து டாலருக்கு ரப்பர் புழு வாங்கிக்க. முடிஞ்சுது கதை. இதுக்குப் போயி பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி ஏன் அரை மணி நேரமா நெளியறே?" என்றான் மீன்பிடிச் சாமான் கடைக்காரன் லாமார்.

நெளிந்துகொண்டிருந்தவன் ஹாலிஸ் டிட்வெல். கையிலிருந்த ஏழடித் தூண்டில் கோலை வளைத்துப் பார்த்தான், கீழே வைத்தான், மறுபடி எடுத்தான். சட்டைப் பையில் நூற்றிருபது டாலர் இருந்தது. அதைக் கொடுத்தவள் அவன் மனைவி வெர்னா. கொடுக்கும்போது கூடவே ஒரு நிபந்தனையும் கொடுத்திருந்தாள்.

"இதுக்கு மேல ஒரு டாலர் செலவழிச்சாலும் சரி, மீன்பிடிச் சாமான் விஷயத்துல என்கிட்ட இன்னொரு பொய் சொன்னாலும் சரி, படகு கர்டிஸ் வீட்டுக்குப் போயிடும். யோசிச்சு நடந்துக்க."

கர்டிஸ் அவளுடைய தம்பி. ஹாலிஸின் பதினாறடி அலுமினியப் படகின் மேல் இரண்டு வருடமாகக் கண் வைத்திருப்பவன். கோழி ஆலையில் வாரம் ஆறு நாள் இயந்திரம் பழுது பார்த்துவிட்டு வரும் ஹாலிஸுக்கு அந்தப் படகுதான் உலகம். அதில் விரிப்பு ஒட்டியது, மீன் தொட்டிக்குக் குழாய் போட்டது எல்லாம் அவன் கைதான். அதில் கர்டிஸ் உட்கார்ந்து சிப்ஸ் தின்னும் காட்சி அடிக்கடி கனவில் வந்து அவனை எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ஏரியில் தம்பதிகள் ஜோடியாகப் பாஸ் என்ற மீனைப் பிடிக்கும் போட்டி. அதற்கு நான்கு நாள் இருக்கும்போது கோலில் மாட்டி நரம்பைச் சுற்றுகிற பழைய ரீலின் பல்சக்கரம் தேய்ந்து, சுற்றினால் காப்பிக்கொட்டை அரைக்கிற சத்தம் வர ஆரம்பித்தது. அதனால்தான் வியாழக்கிழமை சாயங்காலம் லாமார் கடையில் நிற்கிறான்.

இதில் கொடுமை என்னவென்றால், ஹாலிஸ் வீட்டில் ஏற்கெனவே இரண்டு நல்ல ரீல்கள் இருந்தன. இரண்டும் ஒரே ரகம், வெள்ளி உடம்பு, சிவப்புக் கைப்பிடி. முதல் ரீலை இரண்டு வருடத்துக்கு முன் புதிதாக வாங்கி, வெந்நீர்க் கொதிகலனுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். இரண்டாவதைப் போன இலையுதிர் காலத்தில் லாமார் கடையில் பழைய சாமான் அலமாரியிலிருந்து வாங்கி, கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டியில் புதைத்தான். எதையும் வெளியே எடுக்க முடியாது. எடுத்தால் எப்போது வாங்கினாய் என்று கேட்பாள். போய் எட்டிப் பார்ப்பதும் கிடையாது. ஒளித்து வைத்தவன் ஒளித்த இடத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது என்பது அவன் கொள்கை. ஆக, வீட்டில் இரண்டு உயர்ந்த ரீல்களை வைத்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு மட்டமான ரீலைத் தேடி வந்திருக்கிறான். இதை யாரிடம் சொல்லி அழுவது?

"நான் சொல்றதைக் கேளு," என்றான் லாமார். "காசு கம்மியா இருந்தா கோல்ல போடணும். கை உணர்றது கோலைத்தான். ரீல் நடுத்தரமா இருந்தாப் போதும். நரம்பு சாதா நைலான், பன்னிரண்டு பவுண்டு தாங்கறது. கொஞ்சம் இழுபடும், ஆனா நீ பண்ற தப்பையெல்லாம் மன்னிச்சிடும். தண்ணியில கண்ணுக்குத் தெரியாத நரம்பு இருக்கு, இருபத்தஞ்சு டாலர். மீனுக்கு விலையெல்லாம் தெரியாது."

புத்திசாலித்தனமான பேச்சு. ஹாலிஸ் தலையாட்டிக்கொண்டே பின்பக்கம் பழைய சாமான் அலமாரிக்குப் போனான். போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

வெள்ளி உடம்பு, சிவப்புக் கைப்பிடி. விலைச்சீட்டில் நூற்றுப்பத்து டாலர்.

கையில் எடுத்ததும் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. ஒரு சுற்று சுற்றினான். சத்தமே இல்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கீறல்.

"கீறல் இருக்கே," என்றான் ஹாலிஸ், விலையைக் குறைக்கும் எண்ணத்தோடு. "இவ்வளவு நல்ல ரீலை எவனோ மூலையில போட்டு உரசியிருக்கான். வச்சிருந்தவன் மடையன்."

லாமார் கழுத்தைச் சொறிந்தான். "ஆமா, மடையன்தான்," என்றான். ஆனால் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் ஹாலிஸிடம் ரீல் இருந்தது. கோல் இல்லை, நரம்பு இல்லை, கையில் பத்து டாலர் இருந்தது.

"இப்ப குச்சியில கட்டிப் பிடிக்கப் போறியா?" என்று கேட்டான் லாமார்.

ஹாலிஸ் வெளியே பார்த்தான். அவன் வண்டியின் பின்னால் படகை ஏற்றி இழுத்துச் செல்லும் இழுவை நின்றது. அதன் பக்கவாட்டில் புத்தம்புது மாற்றுச் சக்கரம் மாட்டியிருந்தது. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அது தேவைப்பட்டதில்லை.

"அந்தச் சக்கரத்தை எடுத்துக்க. கோலைக் கொடு," என்றான்.

லாமார் ஒரு கணம் யோசித்தான். "நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சாச்சு."

வீட்டுக்குப் போகும் வழியில் பெட்ரோல் நிலையத்தின் பின்னால் வண்டியை நிறுத்தி, ரீலில் கம்பெனிப் பெயர் இருந்த இடமெல்லாம் மின்கம்பிக்கு ஒட்டும் கறுப்பு மின்நாடாவைச் சுற்றி மறைத்தான். சுற்றி முடித்ததும் அது ஐம்பது டாலர் ரீல் மாதிரியேதான் இருந்தது.

வெர்னா சமையலறை மேஜையில் செய்தித்தாளிலிருந்து தள்ளுபடிக் கூப்பன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ரீலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எவ்வளவு?"

"அம்பது. கோல் அம்பது. நரம்பு பன்னிரண்டு. இந்தா மிச்சம் எட்டு டாலர்," என்று நீட்டினான். தன் நேர்மையை நினைத்து அவனுக்கே நெஞ்சு நிறைந்தது.

"இதென்ன, கட்டுப் போட்டிருக்கு?"

"வேர்வையில வழுக்காம இருக்க."

"நல்ல யோசனைதான்," என்று எட்டு டாலரை வாங்கி வைத்துக்கொண்டாள்.

நரம்புக்கு என்ன செய்வது என்பது வெள்ளிக்கிழமைப் பிரச்சினை. மீதி இருந்த இரண்டு டாலருக்கு நரம்பின் அட்டைச் சுருள்கூடக் கிடைக்காது. வெர்னா தேவாலய அலுவலாகப் போயிருந்த நேரத்தில், அவளுடைய இளஞ்சிவப்புக் கோலை எடுத்தான். பொத்தானை அமுக்கினால் நரம்பு போகிற, பிள்ளைகள் வைத்து விளையாடும் ரகம். அதை வைத்துக்கொண்டுதான் அவள் வருடா வருடம் அவனைவிட அதிகம் பிடிக்கிறாள். மார்ச் மாதம்தான் அதில் புது நரம்பு நிரப்பியிருந்தாள். நுனியிலிருந்து முக்கால்வாசியை உருவித் தன் ரீலில் ஏற்றிக்கொண்டு, அவளுடைய தூண்டில் முள்ளை மிச்சத்தின் நுனியில் பழையபடி கட்டி வைத்தான். மூடிக்குள் எவ்வளவு மிச்சம் என்று யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? அவள் எப்போதும் பக்கத்தில்தான் வீசுவாள். இருபத்தைந்து கஜம் அவளுக்குத் தாராளம்.

சனிக்கிழமை விடிகாலை, ஏரிக்கு மூன்று மைல் இருக்கும்போது இழுவையின் இடப்பக்கச் சக்கரம் வெடித்தது.

வெர்னா இறங்கி வந்து பார்த்தாள். "மாத்துச் சக்கரம் எங்கய்யா?"

ஹாலிஸ் காலியாக இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். "திருடிட்டானுங்க போல," என்றான்.

"திருடிட்டானுங்களா? நம்ம வீட்டு வாசல்லயா?"

"காலம் கெட்டுக் கிடக்கு, வெர்னா."

அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி இரவல் படகை இழுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றது. கர்டிஸ். பக்கத்தில் அவன் மனைவி. உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, அந்தச் சாலையில் அப்போது வருவதற்குக் கடவுள் இவனைத்தான் தேர்ந்தெடுத்தார்.

"என்ன மச்சான், மாத்துச் சக்கரம் இல்லாமலா படகை இழுத்துட்டு வர்றது?" என்று கேட்டுக்கொண்டே தன்னுடைய மாற்றுச் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தான். மாட்டும்போது படகின் விளிம்பை ஆசையாகத் தடவினான். "இது எப்படியும் நம்ம கைக்கு வரப்போற சாமான்தானே. நான்தான் பாத்துக்கணும்."

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் படகு இறக்கும் துறைக்கு வந்ததும் வெர்னா நேராக ஹோய்ட்டிடம் போனாள். ஹோய்ட் ஓய்வு பெற்ற போலீஸ்காரர், துணை ஷெரிஃபாக இருந்தவர். இப்போது போட்டியின் நடுவர். எதையும் எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் அவருக்குக் கை அரிக்கும்.

"சக்கரம் திருட்டுப் போச்சா? என்ன அளவு? கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்று குறிப்பேட்டைத் திறந்தார்.

"ஹாலிஸ், சொல்லேன்," என்றாள் வெர்னா.

ஹாலிஸ் சொன்னான். அளவு சொன்னான், நாள் சொன்னான். கேட்காமலேயே இரவில் நாய் குலைத்ததையும் சேர்த்துச் சொன்னான். அவர்கள் வீட்டில் நாய் கிடையாது. வெர்னா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "பக்கத்து வீட்டு நாய்," என்று திருத்திக்கொண்டான்.

தண்ணீரில் இறங்கிய பிறகும் நிம்மதி இல்லை. அவசரத்தில் ஏற்றிய நரம்பு, மூன்றாவது வீச்சிலேயே ரீலுக்குள் சிக்கிக் குருவிக்கூடு கட்டியது. பிரித்தெடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் வெர்னா பொத்தானை அமுக்கி அமுக்கி மூன்று மீன் பிடித்துத் தொட்டியில் போட்டிருந்தாள்.

"உன் புது ரீல் எப்படி?" என்று கேட்டாள்.

"பழகணும்."

"அம்பது டாலருக்கு வேற எப்படி இருக்கும், பாவம்," என்றாள். அதில் ஏதோ கிண்டல் இருப்பது போல அவனுக்குப் பட்டது. அவன் மனசாட்சிதான் அப்படிக் கேட்கிறது என்று விட்டுவிட்டான்.

பகல் ஒரு மணிக்குள் ஹாலிஸும் சுமாராக ஒன்று பிடித்தான். எடை போட ஐந்து மீன் வேண்டும், நான்கு இருந்தது. போட்டி முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது வெர்னாவின் இளஞ்சிவப்புக் கோல் தண்ணீரைத் தொடும் அளவுக்கு வளைந்தது.

"பெருசு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மீன் படகை விட்டு விலகி ஓடியது. ரீல் கத்தியது. பத்து கஜம், பதினைந்து கஜம். ஹாலிஸ் தன் கோலைக் கீழே வைத்தான். எத்தனை கஜம் மிச்சம் என்று இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"ஓட விடாதே, வெர்னா. பிடிச்சு நிறுத்து."

"ஓடட்டும்யா. நூறு கஜம் இருக்கு, மார்ச்சுலதான் நிரப்பினேன்."

படக்கென்று ஒரு சத்தம். நரம்பின் கடைசி முனை ரீலை விட்டுக் கழன்று, கோலின் வளையங்களில் ஒவ்வொன்றாக ஓடி, நுனி வழியாகத் தண்ணீருக்குள் போனது. வெர்னா வெறும் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து ஹாலிஸுக்கு அடிவயிற்றிலிருந்து வெட்கம் வந்தது. படகு, ரீல், கர்டிஸ் எல்லாம் மறந்து போயிற்று. தன் கோலை எடுத்து, நரம்பு போன இடத்தைத் தாண்டி வீசினான். வெள்ளி ரீல் முணுமுணுக்காமல் வேலை செய்தது. முள் எதையோ கவ்வியது. மெதுவாகச் சுற்றினான். ஓடிப்போன நரம்பு அவன் முள்ளில் மாட்டிக்கொண்டு வந்தது, அதன் மறுமுனையில் மீனும் வந்தது. வெர்னா வலையைப் போட்டு அள்ளினாள். ஏழு பவுண்டுக்குக் குறையாது.

இருவரும் படகின் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"நரம்பு எங்கய்யா போச்சு?" என்றாள் வெர்னா.

"மட்டமான சரக்கு. சுருங்கியிருக்கும்," என்றான் ஹாலிஸ்.

எடை போடும் மேடையில் ஐந்து மீனும் சேர்ந்து பத்தொன்பது பவுண்டு. அவர்களுக்கு முதல் பரிசு, இரண்டாயிரம் டாலர். ஐந்தே அவுன்ஸ் குறைவில் இரண்டாமிடம் கர்டிஸுக்கும் அவன் மனைவிக்கும். பதினொரு வருடத்தில் ஹாலிஸ் முதல் தடவையாக ஜெயித்திருந்தான். கைதட்டல் அடங்குவதற்குள் ஹோய்ட் அவன் தோளில் கை வைத்தார்.

"வா. பொய்யறியும் மெஷின் தீயணைப்பு நிலையத்துப் பின்னறையில இருக்கு. முதல்ல நீ, அப்புறம் வெர்னா."

மூன்று வருடத்துக்கு முன் ஒருவன் மீன் வயிற்றில் ஈயக்குண்டு திணித்துப் பிடிபட்டதிலிருந்து ஜெயித்தவர்களுக்கு இந்தச் சோதனை உண்டு. ஊருக்கே தெரிந்த விதி. ஹாலிஸுக்கும் தெரியும். ஜெயித்துப் பழக்கமில்லாததால் அது தனக்கும் பொருந்தும் என்று அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

விரலில் கவ்வி, மார்பில் பட்டை, கையில் ரத்த அழுத்தப் பை. தாளின் மேல் ஊசி காத்திருந்தது.

"உன் பேரு ஹாலிஸ் டிட்வெல்லா?"

"ஆமா."

"இன்னைக்கு எடை போட்ட மீனெல்லாம் நீங்க ரெண்டு பேரும் பிடிச்சதுதானா?"

"ஆமா." ஊசி அசையவில்லை.

"இந்த ஒரு வருஷத்துல வீட்டு ஆளுங்ககிட்ட பொய் சொன்னதுண்டா?"

"கிடையாது."

ஊசி தாளின் ஓரத்தைத் தாண்டிப் போய் மேஜையில் கோடு போட்டது.

ஹோய்ட் கண்ணாடியைக் கழற்றினார். "ஹாலிஸ், இது சும்மா அளவு பாக்கற கேள்வி. எல்லாரும் 'உண்டு'ன்னு சொல்லிட்டுப் போவாங்க. நீ ஏன்பா 'கிடையாது'ன்னே? ஈயக்குண்டு வச்சவனுக்கே ஊசி பாதி தூரம்தான் போச்சு."

"இப்ப என்ன பண்றது?"

"காரணம் சொல்லு, எழுதிக்கறேன். இல்லேன்னா சந்தேகம்னு போட்டுப் பரிசை ரெண்டாமிடத்துக்குக் கொடுத்துடுவேன்."

இரண்டாமிடம் கர்டிஸ். சொல்லாவிட்டால் பரிசு கர்டிஸுக்கு, சொன்னால் படகு கர்டிஸுக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் மச்சான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். ஹாலிஸ் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கொதிகலன், கிறிஸ்துமஸ் பெட்டி, மின்நாடா, திருட்டுப் போகாத சக்கரம், உருவிய நரம்பு. ஹோய்ட் ஒன்று விடாமல் எழுதினார். முந்தைய பக்கத்தைத் திருப்பிச் சக்கரத் திருட்டுப் புகாரை அடித்தார். "அப்ப அந்த நாய்?" என்று கேட்டு அதையும் அடித்தார்.

"இதை வெர்னாகிட்டச் சொல்லாதீங்க," என்றான் ஹாலிஸ்.

"உன் தாள்ல அவங்களும் கையெழுத்துப் போடணும். விதி அப்படி."

மூன்றாம் மனிதர் எழுத்தில் அவள் படிப்பதைவிடத் தன் வாயிலிருந்து கேட்பதே மேல் என்று பட்டது. தீயணைப்பு வண்டியின் பின்னால் அவளை நிறுத்தி, காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவ்வளவு நீளமாக அவன் உண்மை பேசியதில்லை.

"மூணு ரீலா?" என்றாள் வெர்னா.

"மூணு."

"மூணும் ஒரே மாதிரியா?"

"ஒரே மாதிரி. என்னை மன்னிச்சிடு வெர்னா. உன் நரம்பை எடுத்ததுதான் ரொம்ப உறுத்துது."

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழவைத்துவிட்டோமே என்று ஹாலிஸ் துடித்துப் போனான். தொடலாமா வேண்டாமா என்று கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் முறை வந்தாச்சு, வர்றேன்," என்று தழுதழுத்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே எல்லோரும் பொரித்த கெளுத்தி மீன் தின்றுகொண்டிருந்தார்கள். ஹாலிஸ் தட்டைத் தொடாமல் படகைப் பார்க்கப் போனான். விஷயம் எப்படித்தான் காதில் விழுந்ததோ, கர்டிஸ் அளவு நாடாவோடு படகைச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"மச்சான், இது பதினாறடியா, பதினாறே காலா? என் கொட்டகைக் கதவு கொஞ்சம் குறுகல், அதான் கேட்டேன்."

ஹாலிஸ் படகின் விளிம்பில் கை வைத்தான். அவ்வப்போது போய்ப் பார்க்கலாமா, கர்டிஸ் விடுவானா என்றெல்லாம் மனசு ஓடியது.

ஹாலிஸுக்குப் பத்து நிமிடத்தில் முடிந்த சோதனை, வெர்னாவுக்கு அரை மணி நேரமாகியும் முடியவில்லை. கடைசியில் ஹோய்ட் மட்டும் கையில் தாளோடு வெளியே வந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"மீன் விஷயத்துல ரெண்டு பேரும் சுத்தம். பரிசு உங்களுக்குத்தான்," என்றார்.

"படகு?" என்றான் ஹாலிஸ்.

"படகு எங்கயும் போகாதாம். அது போயிட்டா நீ ரீல் வாங்கறதை நிறுத்திடுவியாம்."

"புரியல, ஹோய்ட்."

ஹோய்ட் தாளைத் தூக்கிப் பிடித்தார். "உன் வாக்குமூலத்துல ஒரு சின்னத் திருத்தம் இருக்கு. உன்கிட்ட இருக்கறது மூணு ரீல் இல்ல ஹாலிஸ், ஒண்ணே ஒண்ணு. நீ ஒளிச்சு வைப்பே, வெர்னா எடுத்துட்டுப் போயி லாமார் அலமாரியில விக்க வச்சுக் காசு பாப்பாங்க, நீ போயி அதையே மறுபடி வாங்கிட்டு வருவே. மெஷின் உண்மைன்னு சொல்லுது."